அறுபது வருஷம் காக்க வேண்டிய ரகசியங்கள்

குவாண்டம் கணினி வந்துவிட்டால் நம் பாஸ்வேர்ட் எல்லாம் அம்பேல், பேங்க் அக்கவுண்ட் காலி என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வருகிறது. கடலூரிலும் பாண்டியிலும் நான் கம்ப்யூட்டர் பராமரிக்கும் இடங்களில், மஞ்சக்குப்பத்தில் ஒரு பத்திர எழுத்தர் ஆபீஸ், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்கேன் சென்டர், பாண்டியில் சில கிளினிக்குகள், எங்கே போனாலும் யாராவது அதைப் போட்டுக் காட்டி "இது நிஜமா தம்பி?" என்று கேட்கிறார்கள். நின்றுகொண்டே சொல்லும் பதில் யாருக்கும் போதவில்லை, எனக்கும்தான். அதனால் உட்கார்ந்து முழுசாக எழுதுகிறேன்.

குவாண்டம் கணினி என்பது அணு அளவில் பொருட்கள் நடந்துகொள்ளும் விசித்திரமான முறையை வைத்து, சில வகைக் கணக்குகளை மட்டும் மிக வேகமாகப் போடும் வேறு ரக மெஷின். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் பாஸ்வேர்டுக்குக் குவாண்டம் கணினியால் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, அது நிஜமான ஆபத்து, அதைப் பற்றி அந்த வீடியோவில் ஒரு வார்த்தைகூட இல்லை.

இணையத்தில் இரண்டு விதமான பூட்டு வேலை நடக்கிறது. ஒன்று, பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவி. ஏஇஎஸ் என்பது இந்த வகை. உங்கள் வாட்ஸ்அப் செய்தி, பேங்க் பக்கம், வைஃபை எல்லாவற்றிலும் உள்ளடக்கத்தைப் பூட்டுவது இதுதான். ஆனால் முன்பின் பழக்கமில்லாத ஒரு சர்வரும் உங்கள் போனும் அந்த ஒரே சாவியை, வழியில் ஒட்டுக் கேட்பவனுக்குத் தெரியாமல், எப்படிப் பேசி வைத்துக்கொள்ளும்? அதற்கு இரண்டாவது வகை வேண்டும். ஊருக்கே தெரிந்த பொதுச்சாவியால் பூட்டலாம், ஒருவரிடம் மட்டும் இருக்கும் தனிச்சாவியால்தான் திறக்கலாம். ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் 1977இல் கண்டுபிடித்த ஆர்எஸ்ஏ இந்த வகை. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்கி வந்த எண்ணை மட்டும் கையில் கொடுத்து அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கச் சொன்னால் நாக்குத் தள்ளிவிடும். ஆர்எஸ்ஏவின் முழு பலமும் அந்தக் கஷ்டத்தில்தான் நிற்கிறது. 2020இல் 829 பிட் எண் ஒன்றை, அதாவது 250 இலக்க எண்ணை, பகுத்துக் காட்டினார்கள், அதற்கே ஒரு கணினிக் கோரை (core, சிப்பில் கணக்குப் போடும் ஒரு பகுதி) விடாமல் ஓடவிட்டால் சுமார் 2,700 வருஷம் ஆகும் அளவுக்கு வேலை பிடித்தது. இன்று புழக்கத்தில் இருப்பது 2048 பிட்.

1994இல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த பீட்டர் ஷோர் ஒரு வழிமுறையை எழுதினார். போதுமான அளவுக்கு நல்ல குவாண்டம் கணினி ஒன்று இருந்தால் அந்த எண்ணைச் சட்டென்று பகுத்துவிடலாம் என்று அது காட்டியது. ஆர்எஸ்ஏ மட்டுமல்ல, இப்போது அதிகமாகப் புழங்கும் நீள்வட்ட வளைவு (elliptic curve) என்ற பொதுச்சாவி முறைகளும் அதே அடியில் விழும். இது ஊகம் இல்லை, கணிதம். முப்பது வருஷமாக அதில் ஓட்டை கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. இல்லாதது மெஷின் மட்டும்தான்.

மெஷின் எந்த நிலையில் இருக்கிறது? 2001இல் ஐபிஎம் ஆட்கள் 15 என்ற எண்ணை 3, 5 என்று பகுத்துக் காட்டினார்கள். சிரிக்க வேண்டாம், அது பெரிய சாதனைதான். 2024 டிசம்பரில் கூகுள் அறிவித்த வில்லோ சிப்பில் 105 க்யூபிட்கள், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள், இருந்தன. அதில் முக்கியம் எண்ணிக்கை இல்லை. க்யூபிட் கூடக்கூடப் பிழை குறைகிறது என்று முதல் தடவையாகத் தெளிவாகக் காட்டினார்கள், அதுவரை கூட்டினால் பிழையும் சேர்ந்து கூடிக்கொண்டே போகும் என்பதுதான் தலைவலி. 2048 பிட் ஆர்எஸ்ஏவை உடைக்க எத்தனை க்யூபிட் வேண்டும் என்பதற்கு, கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எகெராவும் 2019இல் போட்ட கணக்கு 2 கோடி, 8 மணி நேரம். அதே கிட்னி 2025 மே மாதம் போட்ட கணக்கு 10 லட்சத்துக்கும் குறைவு, ஒரு வாரத்துக்குள். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெஷின் இன்னும் நூறு, ஆயிரம் என்ற அளவில்தான் நிற்கிறது, ஆனால் தேவைப்படும் அளவு ஆறே வருஷத்தில் இருபதில் ஒரு பங்காகிவிட்டது. எனக்கு உறுத்துவது இதுதான். ஒரு பக்கம் மெஷின் மேலே ஏறுகிறது, இன்னொரு பக்கம் இலக்கு கீழே இறங்கி வருகிறது.

இடையில் 2024இல் ஒரு பரபரப்பு. ஷாங்காயில் ஆராய்ச்சியாளர்கள் ராணுவத் தரப் பூட்டையே உடைத்துவிட்டார்கள் என்று உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. அவர்கள் டி-வேவ் கம்பெனியின் குவாண்டம் மெஷினை வைத்துப் பகுத்தது 22 பிட் எண். 22 பிட் என்றால் நாற்பத்திரண்டு லட்சத்துக்குள் அடங்கும் எண், உங்கள் போன் கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிடும். இந்த மாதிரிச் செய்தியைப் போட்டு வயிற்றில் புளியைக் கரைப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வருகிறது. பயம் காட்டிப் பயம் காட்டி, நிஜமாகவே கவனிக்க வேண்டிய விஷயம் வரும்போது யாரும் காது கொடுக்காமல் செய்துவிடுகிறார்கள்.

சரி, பாஸ்வேர்டுக்கு வருவோம்.

ஒழுங்கான சைட் எதுவும் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைத்துக்கொள்வதில்லை. அதை ஹேஷ் என்ற ஒருவழிப் பாதையில் அரைத்து, கிடைக்கும் எழுத்துக் குவியலை மட்டும் வைத்திருக்கும். இதில் பகா எண்ணும் இல்லை, பொதுச்சாவியும் இல்லை. அதனால் ஷோரின் வழிமுறைக்கு இங்கே வேலையே இல்லை. இங்கே பேச வேண்டியது லவ் குரோவர் 1996இல் சொன்ன தேடல் முறையை. N இடங்களில் தேட வேண்டியதை அதன் வர்க்கமூலம் அளவு அடிகளில் முடிக்கலாம் என்பது அது. எட்டு சின்ன எழுத்து பாஸ்வேர்ட் என்றால் மொத்தச் சாத்தியம் சுமார் 20,880 கோடி, அதன் வர்க்கமூலம் 4,56,976. கேட்டால் தூக்கிவாரிப் போடும். ஆனால் அந்த நாலரை லட்சம் அடிகளில் ஒவ்வொன்றிலும் முழு ஹேஷ் கணக்கையும் குவாண்டம் சுற்றுக்குள் பிழையில்லாமல் ஓட்ட வேண்டும், ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது. வேலையைப் பத்து மெஷினுக்குப் பிரித்துக் கொடுத்தாலும் பத்து மடங்கு வேகம் கிடைக்காது, மூன்று மடங்குதான்.

அதைவிட முக்கியமானது, அந்த எட்டு எழுத்தை உடைக்கக் குவாண்டமே வேண்டாம். கேம் விளையாட வாங்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று, பழைய எம்டி5 ஹேஷ் என்றால், நொடிக்கு 16,000 கோடி முயற்சி செய்யும். ஒன்றிரண்டு நொடியில் முடிந்தது கதை. அதே பாஸ்வேர்டை சைட்காரர்கள் பிகிரிப்ட் போல வேண்டுமென்றே மெதுவாக ஓடும் ஹேஷில் வைத்திருந்தால் அந்தக் கார்டு நொடிக்குச் சில ஆயிரம் முயற்சியோடு திணறும், மாசக்கணக்கில் ஓட வேண்டியிருக்கும். ஆக, உங்கள் பாஸ்வேர்டின் தலையெழுத்தை இன்றைக்குத் தீர்மானிப்பது அதன் நீளமும், அதை வைத்திருப்பவரின் ஒழுங்கும்தான். யூபிஐ பின்னை எடுத்துக்கொள்ளுங்கள். சில பேங்கில் ஆறு இலக்கம், பலருக்கு நாலுதான், நாலு என்றால் மொத்தமே பத்தாயிரம் சாத்தியம், சின்னப் பையன்கூட உட்கார்ந்து எழுதிவிடுவான். ஆனாலும் தாங்குகிறது, ஏனென்றால் சில தடவை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்கிறது. எவ்வளவு பெரிய குவாண்டம் கணினியாக இருந்தாலும் அந்த வாசலில் அதற்கும் அதே சில வாய்ப்புதான்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மெயிலில் வரும் ஸ்டேட்மென்ட், லேப் ரிப்போர்ட் இதையெல்லாம் பிடிஎஃப் ஆக்கி, "உங்கள் பெயரின் முதல் நாலு எழுத்து, பிறகு பிறந்த தேதியும் மாதமும்" என்று பாஸ்வேர்ட் போட்டு அனுப்புகிறார்களே, எல்லாருக்கும் வருகிறது. ஃபைலின் பெயரிலேயே ஆளின் பெயர் இருக்கும். மீதி இருப்பது தேதியும் மாதமும், அதாவது 366 சாத்தியம். வருஷத்தையும் சேர்த்தால்கூட நூறு வருஷத்துக்குச் சுமார் 36,500. உள்ளே பூட்டியிருப்பது 128 பிட் ஏஇஎஸ்ஸாகவே இருக்கட்டும், வாசற்படியில் சாவியை வைத்துவிட்டு இரும்புக் கதவு போட்டு என்ன பயன்? திருப்பாதிரிப்புலியூர் ஸ்கேன் சென்டரில் டாக்டரை உட்கார வைத்து, அவருடைய ரிப்போர்ட்டையே இலவசமாகக் கிடைக்கும் ஒரு புரோகிராமில் போட்டுத் திறந்து காட்டினேன். டீ ஆறுவதற்குள் திறந்துவிட்டது. அன்றைக்கே அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார், இப்போது லாகின் செய்துதான் ரிப்போர்ட்டை எடுக்க முடியும். ஓடிபியைப் போனில் கேட்டு வாங்குவது, போலி லிங்க், ஒரே பாஸ்வேர்டைப் பத்து இடத்தில் போடுவது, நம் ஊரில் பணம் போனவர்களுக்கெல்லாம் இந்த வழியில்தான் போகிறது. பாஸ்வேர்ட் மேனேஜர் ஒன்றை வைத்துக்கொண்டு பதினாறு எழுத்தில் கன்னாபின்னாவென்று ஒன்றைப் போட்டுவிட்டால் குரோவர் வந்தாலும் கவலை இல்லை. ஏஇஎஸ் 256ம் அப்படியே, குரோவரால் பாதியானாலும் 128 பிட் பலம் மிச்சம் இருக்கும்.

இனி நிஜமான ஆபத்து.

பாண்டியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் வீடுகள் இன்னும் இருக்கின்றன, சொல்தா வீடு என்பார்கள். அப்படி ஒரு வீட்டு ஆயாவுக்கு, புருஷன் காலமான பிறகு வரும் பென்ஷனுக்கான காகிதங்களை அவருடைய பேரனும் நானும் ஒரு மத்தியானம் ஸ்கேன் செய்தோம். தாத்தாவின் சர்வீஸ் காகிதம், கல்யாணப் பதிவு, பாஸ்போர்ட், பேங்க் நம்பர், ஆயா உயிரோடு இருப்பதற்கான சான்று. மடிப்பு மடிப்பாகக் கிழிந்த காகிதத்தை ஆயா புடவைத் தலைப்பால் நீவி நீவிக் கொடுத்தார், "பாத்து ராசா, இது போனா புள்ளைங்களுக்கும் ஒண்ணும் இல்ல" என்று. எல்லாம் மெயிலில் பிரான்சுக்குப் போனது. சென்னையில் கரையேறும் சீ-மீ-வீ 4 கடலடிக் கேபிள் பிரான்சின் மார்செய் வரை போகிறது. அந்த மெயில் இந்தக் கேபிளில்தான் போயிருக்க வேண்டும் என்றில்லை, இந்த மாதிரி ஏதோ ஒன்றில் போயிருக்கும். கடலடிக் கேபிள்களில் போவதைக் கொத்துக் கொத்தாக அள்ளி வைக்கும் வேலையைப் பிரிட்டிஷ் உளவு அமைப்பு செய்தது என்பது 2013இல், அமெரிக்க உளவு அமைப்புக்கு வேலை பார்த்த ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களில் வந்தது.

இன்றைக்கு அள்ளியதை இன்றைக்குத் திறக்க முடியாது. ஆனால் தூக்கிப் போட வேண்டிய அவசியமும் இல்லை, ஹார்ட் டிஸ்க் சல்லிசாகிவிட்டது. பத்து, பதினைந்து வருஷம் கழித்து மெஷின் வந்ததும், அன்றைக்குப் பதிவு செய்து வைத்த, இரண்டு பக்கமும் சாவி பேசிக்கொண்ட பரிமாற்றத்திலிருந்து அந்தச் சாவியைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். இப்போது அள்ளி வை, அப்புறம் திறந்துகொள், இவ்வளவுதான் திட்டம். உங்கள் பாஸ்வேர்ட் அதற்குள் நாலு தடவை மாறியிருக்கும், அதை அள்ளியவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆயாவின் காகிதம் மாறாது. அவர் பிள்ளைகளின், பேரப்பிள்ளைகளின் குடியுரிமை அதில் தொங்குகிறது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். இணைய இணைப்புகளைப் பூட்டும் இப்போதைய டிஎல்எஸ் 1.3 முறையில் ஒவ்வொரு இணைப்புக்கும் புதிதாக ஒரு சாவி பிறந்து சாகிறது. ஒன்றை உடைத்தால் ஒன்றுதான் திறக்கும், அந்த ஒன்றுக்கே விலை உயர்ந்த மெஷினைக் கணிசமான நேரம் ஓட்ட வேண்டும். எனவே சாதாரண ஆட்களின் மெயிலை ஒவ்வொன்றாக யாரும் உடைத்துக்கொண்டிருக்கப் போவதில்லை. என் கவலை, ஒரே பொதுச்சாவியின் கீழ் லட்சக்கணக்கானவர்களின் விவரம் பூட்டப்படும் இடங்கள்தான். அங்கே ஒரு சாவியை உடைத்தால் போதும்.

சிம் கார்டு கடையில் கைரேகை வைக்கிறோமே, அந்தப் பதிவு 256 பிட் ஏஇஎஸ் சாவியால் பூட்டப்பட்டு, அந்தச் சாவி ஆதார் ஆணையத்தின் 2048 பிட் ஆர்எஸ்ஏ பொதுச்சாவியால் பூட்டப்பட்டுப் போகிறது. இன்றைய கணினிகளுக்கு இது உடையாத பூட்டு, வடிவமைத்தவர்கள் பொறுப்பாகத்தான் செய்திருக்கிறார்கள். ஏஇஎஸ் பகுதி குவாண்டத்துக்கும் தாங்கும். ஆர்எஸ்ஏ பகுதி தாங்காது. பொட்டலங்களை வழியில் யாராவது சேர்த்து வைத்திருந்தால், அந்த ஒரு பொதுச்சாவியின் காலத்தில் போனதெல்லாம் ஒரே அடியில் திறக்கும். கைரேகையை மாற்றிக்கொள்ள முடியுமா? இருபது வயதுப் பையனின் ரேகை அவனுக்கு எண்பது வயதாகும் வரை ரகசியமாக இருந்தாக வேண்டும்.

மிக்கேல் மோஸ்கா என்பவர் இதற்கு ஒரு எளிய கணக்கு சொன்னார். ரகசியம் எத்தனை வருஷம் காக்கப்பட வேண்டும் என்பதையும், பூட்டை மாற்றி முடிக்க எத்தனை வருஷம் ஆகும் என்பதையும் கூட்டுங்கள். அது குவாண்டம் மெஷின் வர ஆகும் வருஷத்தைவிட அதிகமாக இருந்தால் ஏற்கெனவே தாமதம். கைரேகைக்கு அறுபது. மரபணுச் சோதனைக்கு, எச்ஐவி ரிப்போர்ட்டுக்கு, மனநல சிகிச்சைக் குறிப்புக்கு ஆயுசு முழுக்க, பிள்ளைகள் காலம் வரைக்கும்கூட. மெஷின் வர இன்னும் இருபது வருஷம் ஆகும் என்றே வைத்துக்கொண்டாலும் இந்தக் கணக்கில் நாம் பின்தங்கித்தான் இருக்கிறோம்.

மாற்றுப் பூட்டு இல்லாமல் இல்லை. தரங்களை வகுக்கும் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்பு 2016இல் உலகம் முழுக்கப் போட்டி வைத்து, எட்டு வருஷம் சலித்து, 2024 ஆகஸ்டில் மூன்று தரங்களை வெளியிட்டது. சாவி பேசிக்கொள்ள எம்எல்-கெம், டிஜிட்டல் கையெழுத்துக்கு இரண்டு. இவை ஓடுவதற்குக் குவாண்டம் கணினி தேவையில்லை, உங்கள் போனிலேயே ஓடும். சலித்ததில் என்ன நடந்தது என்பதும் தெரிய வேண்டும். சைக் என்ற ஒரு முறை கடைசிச் சுற்றுகள் வரை வந்துவிட்டது, 2022இல் பெல்ஜியத்தில் இரண்டு பேர் அதை ஒரு சாதாரணக் கணினியின் ஒரே கோரில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். புதுப் பூட்டில் இந்த அபாயம் உண்டு. அதனால்தான் இப்போது பழையதையும் புதியதையும் சேர்த்துப் போடுகிறார்கள், இரண்டும் உடைந்தால்தான் திறக்கும்.

நீங்களே பார்க்கலாம். கம்ப்யூட்டரில் குரோம் திறந்து, ஏதாவது கூகுள் பக்கத்தில் எஃப்12 அழுத்தி, செக்யூரிட்டி பகுதிக்குப் போங்கள். டிஎல்எஸ் 1.3க்குப் பக்கத்தில் எக்ஸ்25519எம்எல்கெம்768 என்று நீளமாக ஒன்று இருக்கும். முதல் பாதி பழைய பூட்டு, பின் பாதி புதுப் பூட்டு. நீங்கள் ஒன்றும் செய்யாமலே உங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. சிக்னல் 2023இலும், ஆப்பிளின் ஐமெசேஜ் 2024இலும் மாறிவிட்டன. இப்போது அதே எஃப்12ஐ உங்கள் பேங்க், உங்கள் ஆஸ்பத்திரி, உங்கள் இன்சூரன்ஸ் பக்கங்களில் அழுத்திப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் பலவற்றில் வெறும் எக்ஸ்25519 அல்லது பி-256 என்ற பழைய பூட்டு மட்டுமே இருந்தது. பூனை வீடியோ பார்க்கும் பக்கத்துக்குப் புதுப் பூட்டு, புற்றுநோய் ரிப்போர்ட் தரும் பக்கத்துக்குப் பழைய பூட்டு. இது சரியில்லை.

மாற்றுவது ஒரு பட்டனை அழுத்தும் வேலையும் இல்லை. பழைய முறையில், இணைப்பு தொடங்க இரண்டு பக்கமும் கை குலுக்கும்போது அனுப்பும் சாவி 32 பைட், எம்எல்-கெம்மில் 1,184 பைட். ஒரே பாக்கெட்டில் அடங்கிய முதல் செய்தி இப்போது இரண்டாக உடைந்து போகிறது. பாண்டியில் ஒரு கிளினிக்கில் குரோம் அப்டேட் ஆன அடுத்த நாள் சில சைட்டுகள் சுற்றிக்கொண்டே நின்றன, திறக்கவே இல்லை. நெட்காரர்களைத் திட்டி, கேபிளை மாற்றி, கடைசியில் பார்த்தால் மூலையில் தூசி படிந்து கிடந்த, நெட்டில் வருவதையும் போவதையும் சோதிக்கும் பழைய ஃபயர்வால் பெட்டி இரண்டாவது பாக்கெட்டுக்காகக் காத்திருக்கத் தெரியாமல் இணைப்பைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. செய்த கம்பெனி அதற்கு அப்டேட் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. இந்த மாதிரிப் பெட்டிகள் கடலூரில் மட்டும் எத்தனை ஆபீஸ் மேஜைக்கடியில் இருக்கும் என்று யோசித்தால் மோஸ்கா கணக்கின் இரண்டாவது எண் ஏன் பெரியது என்று புரியும்.

கையெழுத்து விஷயத்தையும் விடக்கூடாது. வில்லங்கச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாம் டிஜிட்டல் கையெழுத்தோடு வருகின்றன, நம் நாட்டில் அதில் பெரும்பாலும் ஆர்எஸ்ஏதான். பொதுச்சாவியிலிருந்து தனிச்சாவியை எடுக்கும் மெஷின் வந்தால், இன்னொருவர் பெயரில் செல்லுபடியாகும் கையெழுத்தைப் போட்டுவிடலாம், பழைய தேதியும் சேர்த்து. இதில் அள்ளி வைக்கும் பிரச்சினை இல்லை, மெஷின் வருவதற்கு முன் மாற்றிவிட்டால் போதும். ஆனால் மஞ்சக்குப்பத்துப் பத்திர எழுத்தர் ஐயா எனக்குக் காட்டிய தாய்ப் பத்திரங்களில் நூறு வருஷத்துக்கு முந்தியவை உண்டு. ஒரு மனைக்கு அத்தனை காலம் பின்னால் போய்ப் பார்ப்பவர்கள் நாம். இன்றைக்கு டிஜிட்டலாகத் தரும் சான்றை 2060இல் ஒருவர் கோர்ட்டில் நீட்டினால் அதன் கையெழுத்துக்கு என்ன மரியாதை இருக்கும் என்பதை இப்போதே யோசித்து, முக்கியமானவற்றுக்குப் புது முறையில் மறுகையெழுத்தும் நேர முத்திரையும் போட்டு வைக்க ஏற்பாடு வேண்டும். அதுவரைக்கும் காகித நகலைத் தூக்கிப் போடாதீர்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

மத்திய அரசு 2023இல் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் கொடுத்தது, எட்டு வருஷத்தில் 50 முதல் 1,000 க்யூபிட் வரை மெஷின் கட்டுவது அதன் இலக்குகளில் ஒன்று. நல்லது, கட்டட்டும், நம் பிள்ளைகள் அதில் வேலை பார்க்கட்டும். பூட்டு மாற்றும் வேலைக்கு அவ்வளவு பெரிய பணமும் தேவையில்லை. யாரிடம் நம் ரகசியம் நீண்ட காலம் இருக்கிறதோ அவர்களிடம் கேட்கிற ஆள் வேண்டும். நிஸ்ட் 2024இல் வெளியிட்ட வரைவுத் திட்டப்படி 2048 பிட் ஆர்எஸ்ஏ 2030க்குப் பிறகு கைவிட வேண்டியது, 2035க்குப் பிறகு அனுமதியே இல்லை. இன்றைக்கு ஒரு ஆஸ்பத்திரி வாங்கும் சர்வரும் ஃபயர்வாலும் சர்வசாதாரணமாகப் பத்து வருஷம் ஓடும், அதாவது அந்தக் கெடுவையே தொட்டுவிடும். அதனால் வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்: எம்எல்-கெம் இப்போது இருக்கிறதா, இல்லையென்றால் எந்த அப்டேட்டில் வரும், அப்டேட் எத்தனை வருஷம் தருவீர்கள்? வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வேண்டும். கூடவே, தேவையில்லாத பழைய ரிப்போர்ட்டுகளை அழித்துவிட வேண்டும். கையில் இல்லாததை யாரும் அள்ள முடியாது.

ஸ்கேன் சென்டருக்கு இந்த வருஷம் புது சர்வரும் ஃபயர்வாலும் வாங்குகிறார்கள். கொட்டேஷன் கேட்ட எல்லாருக்கும் இந்தக் கேள்விகளை அனுப்பினேன். ஒருவர்தான் கேள்வியைப் புரிந்துகொண்டு, எந்த வெர்ஷனிலிருந்து வேலை செய்யும் என்று எழுதி சீல் வைத்து அனுப்பினார். விலை கொஞ்சம் கூடத்தான், டாக்டர் அவருக்கே ஆர்டர் கொடுத்துவிட்டார்.